பொதி கொடுப்பதோடு முடிந்துவிடுமா மாணவரின் சமூகப் பணி?

2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்டது. அயலவருக்குக் கைகொடுப்பது என்றால் என்ன என்பதை மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது மக்கள் அன்று அனுபவத்தில் கற்றார்கள். இன்று க.பொ.த. சாதாரண தரத்தில் படிக்கும் பிள்ளைகள் அப்போது பிறந்திருக்கவே இல்லை. அந்தப் பாடத்தை அவர்களுக்கு நாம்தான் வேறு வழியில் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

சமூக சேவை என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது உலருணவுப் பொதிதான். மாணவர்கள் காசு சேர்ப்பார்கள், ஆசிரியர்கள் பொருள் வாங்குவார்கள், கொடுக்கும்போது படம் எடுப்பார்கள். பொதி பெறும் குடும்பத்துக்கு அது உதவிதான். ஆனால் கொடுக்கும் மாணவர் அதிலிருந்து என்ன கற்றார்?

இதே நாட்டில் வேறொரு முன்மாதிரி இருக்கிறது. 1958இல் கொழும்பு நாலந்தா கல்லூரியின் இளம் ஆசிரியர் ஏ.ரி. ஆரியரத்ன, சாதியால் ஒதுக்கப்பட்டிருந்த கனத்தொலுவ கிராமத்துக்குத் தன் மாணவர்களை அழைத்துச் சென்றார். அவர்கள் அந்த மக்களுடன் தங்கி, அவர்களோடு சேர்ந்து உடலுழைப்பில் ஈடுபட்டார்கள். நகரத்துப் பிள்ளைகள் கிராமத்தவரிடம் கற்றுக்கொள்ளவும் வேண்டும் என்பதே அவரது நோக்கம். சர்வோதய இயக்கம் அங்கிருந்துதான் வளர்ந்தது. நாம் இன்று சாதாரணமாகச் சொல்லும் 'சிரமதானம்' என்ற சொல்லை நாடெங்கும் பரப்பியதும் அதுவே.

இத்தகைய பணி மாணவருக்கு நன்மை தருகிறது என்பதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. கனடாவின் வன்கூவர் நகரில் தரம் 10 மாணவர்கள் 106 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2013இல் வெளியானது. அவர்களில் ஒரு பாதியினர் 10 வாரங்கள், வாரம் ஒரு முறை ஆரம்பப் பாடசாலைச் சிறுவர்களுக்கு உதவினார்கள். மற்றப் பாதியினரோடு ஒப்பிட்டபோது உதவியவர்களின் இரத்தத்தில் கொலஸ்ட்ரோல் குறைந்திருந்தது. பிறர்மீதான பரிவு யாரிடம் கூடுதலாக வளர்ந்ததோ, அவர்களிடமே உடல்நல மாற்றமும் கூடுதலாகத் தெரிந்தது.

கனத்தொலுவவிலும் வன்கூவரிலும் பொதுவாக இருப்பது ஒன்று. மாணவர் தன் நேரத்தைக் கொடுத்தார், உதவி பெறுபவரோடு பழகினார். பொறுமை, பேச்சுத் திறன், கணக்கு வைத்தல், சொன்ன நேரத்துக்குப் போதல் எல்லாம் அப்படித்தான் பழக்கமாகின்றன.

இதை நமது ஊரிலும் செய்யலாம். சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வர மாதக்கணக்கில் ஆகிறது. அந்த நாட்களில் வாரம் ஒரு மணி நேரம் வாசிக்கத் தடுமாறும் சிறுவர்களுக்கு உதவலாம். டெங்கு பரவும் மாரி காலத்துக்கு முன் ஒழுங்கை ஒழுங்கையாக நீர் தேங்கும் இடங்களைத் துப்புரவு செய்யலாம். முடிவில் என்ன செய்தோம், என்ன பிழைத்தது என்று மாணவர்களே கூடிப் பேச வேண்டும்.

ஒரு விடயத்தில் மட்டும் கவனம் தேவை. பொதி வாங்கும் பிள்ளை, கொடுக்கும் பிள்ளையின் வகுப்பிலேயே இருக்கலாம். படம் முகநூலில் வந்த மறுநாள் அந்தப் பிள்ளை எந்த முகத்தோடு பாடசாலைக்கு வரும்? தர்மத்தை மறைத்துக் கொடுப்பது மேல் என்று மத்ரஸாவில் ஓதிக்கொடுக்கிறோம். பாடசாலையில் கமராவை உறையில் வைத்துவிட்டால், அந்தப் பாடத்தைப் பிள்ளைகள் கண்முன்னே காண்பார்கள்.