மாடுகளுக்கான மருந்துகளும் கால்நடை மருத்துவர் தொடர்கல்வியும்

பட்டம் பெற்றுப் பணியில் இருக்கும் கால்நடை மருத்துவர்கள் மாட்டு மருந்துகளில் ஏற்படும் மாற்றங்களை அவ்வப்போது கற்றுக்கொள்வதற்கான ஏற்பாடே தொடர்கல்வி. புதிய மருந்துகள், தடைசெய்யப்பட்ட மருந்துகள், மருந்தளவு, பாலிலும் இறைச்சியிலும் தங்கும் எச்சம், கிருமிகள் பெறும் எதிர்ப்புத்திறன் ஆகியவை இதன் பாடங்கள். இந்தியாவில் இப்பயிற்சிகளை 1984ஆம் ஆண்டின் இந்திய கால்நடை மருத்துவ மன்றச் சட்டத்தின்கீழ் அமைந்த மன்றமும், மாநில மன்றங்களும், கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகங்களும் நடத்துகின்றன.

இங்கே கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பு, ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சியையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுகள். அதன்பின் ஒருவர் முப்பது ஆண்டுகளுக்கு மேலும் பணியாற்றுவார். கல்லூரியில் படித்த மருந்துகளில் பல அந்தக் காலத்துக்குள் வழக்கொழிந்துவிடும். சில சட்டத்தால் விலக்கப்படும்.

அசைபோடும் உடல்

மாட்டின் உடல் மருந்தைக் கையாளும் முறை தனித்தன்மை உடையது. சைலசின் என்னும் மயக்க மருந்தில், குதிரைக்குக் கொடுக்கும் அளவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே மாட்டுக்குப் போதும். வளர்ந்த மாட்டுக்குச் சில ஆன்டிபயாட்டிக்குகளை வாய்வழியாகக் கொடுத்தால், முதல் வயிற்றில் தீவனத்தை நொதிக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் அழிந்து, மாடு அசைபோடுவதையே நிறுத்திவிடும். அசைபோடத் தொடங்காத இளங்கன்றுக்கு இந்தச் சிக்கல் அவ்வளவாக இல்லை.

பால் காய்ச்சல் கண்ட மாடு கன்று ஈன்ற ஓரிரு நாளில், காது சில்லிட்டு, கழுத்தை விலாப்பக்கம் மடித்துப் படுத்துக்கிடக்கும். கால்சியம் போரோகுளுக்கோனேட்டை இரத்தக்குழாயில் ஏற்றினால் பெரும்பாலும் சிறிது நேரத்தில் எழுந்து நின்றுவிடும். வேகமாக ஏற்றினால் இதயமே நின்றுபோகலாம். அதனால் மருத்துவர் ஒரு கையில் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு, ஸ்டெதாஸ்கோப்பில் இதயத்துடிப்பைக் கேட்டபடியே மெல்ல மெல்ல ஏற்றுகிறார். இதைப் புத்தகத்தில் படிப்பதைவிட, கொட்டகையில் ஒரு மூத்த மருத்துவருக்குப் பக்கத்தில் நின்று கற்பதே மேல். பயிற்சிகளில் செய்முறைக்கு நேரம் ஒதுக்கவேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

டைக்ளோஃபினாக்

தொடர்கல்வி ஏன் தேவை என்பதற்குத் தெற்காசியாவில் டைக்ளோஃபினாக்கைவிடப் பெரிய சான்று இல்லை. வலியையும் வீக்கத்தையும் குறைக்கும் இம்மருந்து, மலிவாகக் கிடைத்ததால் 1990களில் மாடுகளுக்குத் தாராளமாகப் போடப்பட்டது. மாட்டுக்கு அதனால் பெரிய தீங்கு இல்லை. காய்ச்சல் தணிந்தது, நொண்டல் குறைந்தது. ஆனால் ஊசி போட்ட ஓரிரு நாளில் மாடு இறந்துபோனால், அதன் ஈரலிலும் சிறுநீரகத்திலும் மருந்து தங்கியிருக்கும். அந்த உடலைத் தின்ற பாறுக் கழுகுகளின் சிறுநீரகம் செயலிழந்தது. இறந்த பறவைகளை அறுத்துப் பார்த்தபோது, ஈரலின்மீதும் இதயத்தின்மீதும் சுண்ணாம்பு பூசியதுபோல யூரிக் அமிலப் படிகங்கள் படிந்திருந்தன. லிண்ட்சே ஓக்ஸ் தலைமையிலான குழு பாகிஸ்தானில் ஆராய்ந்து, 2004இல் இந்தக் காரணத்தை வெளியிட்டது.

இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகளின் எண்ணிக்கை 1992க்கும் 2007க்கும் இடையில் 99.9 விழுக்காடு சரிந்தது. மாட்டின் உடல்களில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவானவற்றில் இம்மருந்து இருந்தாலே இந்தச் சரிவுக்குப் போதும் என்று கணக்கீடுகள் காட்டின. ஆகவே பெரும்பாலான மருத்துவர்கள் மருந்தை மாற்றிக்கொண்டால் போதாது, ஏறக்குறைய எல்லோரும் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

கால்நடைகளுக்கான டைக்ளோஃபினாக்கை இந்தியா 2006இல் தடைசெய்தது. அதே ஆண்டில், அதற்கு மாற்றான மெலாக்சிகாம் பாறுகளுக்குத் தீங்கு செய்வதில்லை என்று ஆய்வுகள் உறுதிசெய்தன. பின்னர் டோல்ஃபெனாமிக் அமிலமும் பாதுகாப்பானது எனக் கண்டறியப்பட்டது. ஆயினும், மனிதர்களுக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாடுகளுக்குப் போடும் வழக்கம் தொடர்ந்தது. அதைத் தடுக்க 2015இல் மனிதர்களுக்கான ஊசிமருந்து 3 மில்லி கொண்ட ஒற்றைவேளைக் குப்பியாக மட்டுமே விற்கப்படவேண்டும் என்று ஆணை வந்தது. மருந்து நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தபோது, சென்னை உயர் நீதிமன்றம் 2017இல் அந்த ஆணையை நிலைநிறுத்தியது. நீலகிரி அடிவாரத்து மாயாறு பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் பாறுகளுக்கு அந்தத் தீர்ப்பு நேரடிப் பாதுகாப்பு.

மருந்தியல் படித்தவர்கள் கூர்ந்து பார்க்கவேண்டியது அசிக்ளோஃபினாக். பெயர் வேறு, பெட்டி வேறு. மாட்டின் உடலுக்குள் போனதும் அது டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடுகிறது. ஒன்றைத் தடைசெய்துவிட்டு மற்றொன்றை விட்டுவைத்ததால் கடைகளில் மாற்று மருந்தாக அது புழங்கியது. 2023இல் அசிக்ளோஃபினாக்கும் கீட்டோபுரோஃபெனும் கால்நடைகளுக்குத் தடைசெய்யப்பட்டன. பின்னர் நிமெசுலைடும் அப்பட்டியலில் சேர்ந்தது. அரசிதழில் தடை வெளியான நாளுக்கும் மருத்துவரின் பையில் மருந்து மாறும் நாளுக்கும் இடையே உள்ள தாமதத்தைக் குறைப்பதே தொடர்கல்வியின் முதல் வேலை.

பாலில் தங்கும் மருந்து

மடிநோய்க்கு ஆன்டிபயாட்டிக் குழம்பைக் காம்புத் துளை வழியாக மடிக்குள் செலுத்துவது வழக்கம். நோய் கண்டது ஒரு காம்பாக இருந்தாலும், மருந்து இரத்தத்தில் கலந்து மற்ற மூன்று காம்புகளின் பாலிலும் வரக்கூடும். நான்கு காம்புப் பாலையும் ஒதுக்கவேண்டும் என்பதைப் பால் ஊற்றும் குடும்பத்திடம் மருத்துவர்தான் எடுத்துச் சொல்லவேண்டும். எச்சமுள்ள பாலில் உறைமோர் ஊற்றினால் தயிர் சரியாக உறையாது. அந்த மருந்து உறைமோரில் உள்ள நுண்ணுயிர்களையும் விட்டுவைப்பதில்லை.

மருந்து கொடுத்தபின் எத்தனை நாள் பாலையும் இறைச்சியையும் விற்கக்கூடாது என்ற காத்திருப்புக் காலத்தை லேபிளில் அச்சிடவேண்டும் என 2012இல் மருந்து விதிகள் திருத்தப்பட்டன. குறிப்பிட்ட காலம் வரையறுக்கப்படாத மருந்துகளுக்குப் பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள். ஏழு நாள் பாலைக் கீழே ஊற்றுவது இரண்டு மாடு வைத்திருக்கும் குடும்பத்துக்குப் பெரிய இழப்பு. அதனால், பால் மாதிரியைச் சோதித்து எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்று அறிந்தபின் ஊசி போடுவதும், தேவையில்லாத ஊசியைத் தவிர்ப்பதும் பயிற்சிகளில் வலியுறுத்தப்படுகின்றன. மனித மருத்துவத்தில் கடைசிக் கட்டத்துக்கு வைத்திருக்கும் கோலிஸ்டின் என்னும் ஆன்டிபயாட்டிக்கை, உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குத் தரக்கூடாது என 2019இல் தடைவந்தது.

மடிநோயின் தொடக்கநிலைக்குச் சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு மூன்றையும் அரைத்து மடியில் பூசும் மரபுவழிச் சிகிச்சையும் இன்று பயிற்சிகளில் இடம்பெறுகிறது. தேசிய பால்வள வாரியம் இதைப் பரப்பிவருகிறது.

நடைமுறை

இந்தியாவில் மருத்துவர்கள் தம் பதிவை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள். பிரிட்டனில் ஒவ்வொரு மருத்துவரும் ஆண்டுக்கு 35 மணி நேரம் தொடர்கல்வி பெற்றதைப் பதிவுசெய்யவேண்டும். 1989இல் தொடங்கிய தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம், மாவட்டங்களில் உள்ள தன் ஆராய்ச்சி, பயிற்சி மையங்கள் வழியாகவும் பயிற்சி தருகிறது.

ஊசி போடுபவர்கள் மருத்துவர்கள் மட்டுமல்லர். கால்நடை ஆய்வாளர், செயற்கைமுறைக் கருவூட்டல் பணியாளர், மருந்துக்கடையில் கேட்டு வாங்கித் தாமே போட்டுக்கொள்ளும் மாட்டுக்காரர் என்று பலர் கைக்கும் இம்மருந்துகள் போகின்றன. மருத்துவரை மட்டும் அழைக்கும் பயிற்சியில் அவர்கள் யாரும் இருப்பதில்லை. டைக்ளோஃபினாக் தடைக்குப் பின்னும் மனிதக் குப்பிகள் மாட்டுக்கொட்டகைகளுக்கு வந்துகொண்டிருந்ததற்கு இந்த விடுபடலும் ஒரு காரணம். கடைக்காரரையும் கருவூட்டல் பணியாளரையும் அதே அரங்கில் உட்காரவைக்கும் பயிற்சிகளே இப்போது பெருகவேண்டும்.