தும்பா தேவாலயமும் தேரிக்காட்டுச் செம்மணலும்

துபாய், மஸ்கட் நண்பர்களுக்குப் பாலைவனம் பார்ப்பது பெரிய விஷயமே இல்லை. கொச்சங்காடியில் மழையோடு மல்லுக்கட்டும் எங்களுக்கு அந்தக் கொடுப்பினை ஏது? தமிழ்நாட்டிலேயே ஒரு குட்டிப் பாலைவனம் இருக்கிறது என்றேன், பிள்ளைகள் நம்பவில்லை. லீவு விட்டதும் தெற்கே கிளம்பினோம். முதலில் திருவனந்தபுரத்துக்கு அருகே தும்பா விண்வெளி அருங்காட்சியகம், அப்புறம் திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காடு. "ரெண்டுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்றார் வீட்டம்மா. இருக்கிறது.

தும்பா அருங்காட்சியகம் ஒரு பழைய தேவாலயத்துக்குள் இருக்கிறது. புனித மகதலேனா மரியாள் ஆலயம். பூமியின் காந்த நடுக்கோடு அந்தக் கடற்கரைக்கு மிக அருகே போவதால், வளிமண்டலத்தின் மேலடுக்கை ஆராய அந்த இடம்தான் வேண்டும் என்று விக்ரம் சாராபாய் கேட்டார். ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரைரா மக்களிடம் பேசினார். கோயிலும் ஆயர் இல்லமும் குடிசைகளும் இருந்த நிலத்தை மீனவர்கள் விட்டுக்கொடுத்தார்கள். பள்ளித்துறையில் அவர்களுக்குப் புதுக்கோயில் எழுந்தது.

1963 நவம்பர் 21. அமெரிக்கா கொடுத்த நைக்-அப்பாச்சி ராக்கெட். தூக்கும்போது கிரேனில் ஹைட்ராலிக் கசிவு! கடைசியில் எல்லோரும் கை கொடுத்துத் தூக்கித்தான் ஏவுதளத்தில் வைத்தார்கள் என்று அங்கே வேலை பார்த்த நம்ம ராமேஸ்வரம் கலாம் எழுதியிருக்கிறார். அந்தி வானத்தில் சோடியம் ஆவி ஆரஞ்சு நிறத்தில் மின்னியது. 1968 பிப்ரவரி 2-ல் இந்திரா காந்தி அந்தத் தளத்தை ஐ.நா.வுக்கு அர்ப்பணித்தார்.

எனக்கு வங்கிக்காரன் புத்தி. சாராபாய் பெயர் தெரியும், ஆயர் பெயர் தெரியும். வீட்டைக் கொடுத்த மீனவர்கள் பெயரை எந்தப் பேரேட்டில் தேடுவது? எங்கள் கொச்சங்காடியில் 1344-ல் கட்டிய யூதர் தொழுகைக்கூடம் போய்விட்டது. அதன் கல்வெட்டு மட்டும் மட்டாஞ்சேரி பரதேசி சினகாக்கில் இருக்கிறது. தும்பாவில் தலைகீழ், கட்டடம் நின்றுவிட்டது, ஊர் நகர்ந்துவிட்டது.

அடுத்து தேரி. ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டியதும் பச்சை குறைந்து பனை வர ஆரம்பிக்கும். கேரளாவில் கொட்டித் தீர்க்கும் அதே தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தாண்டி இந்தப் பக்கம் வரும்போது வெறும் காற்றாகத்தான் வருகிறது. ஆடி மாதம் போனால் கண்ணைத் திறக்க முடியாது. அந்தக் காற்று ஆயிரக்கணக்கான வருடங்களாகக் குவித்த மணல் மேடுகள்தான் தேரி. மணலில் இருக்கும் இரும்புத் தாதுக்கள் துருப்பிடித்துத்தான் அந்தச் சிவப்பு. குதிரைமொழித் தேரி மட்டும் சுமார் 12,000 ஏக்கர் என்கிறார்கள். சின்னவன் செருப்பைக் கழற்றி ஓடினான், வெள்ளைச் சட்டை காவியாகிவிட்டது.

வெறும் மணல்தானே என்று நினைத்துவிடாதீர்கள். சாயர்புரம் பக்கம் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். 1956-ல் சாய்னரும் ஆல்சினும் இந்தத் தேரிகளின் நுண்கற்கருவிகளைப் பற்றி விரிவாக எழுதினார்கள். வேட்டையாடிய மனிதர்கள் விட்டுப்போன சில்லுகள் அவை. தேரிக்குள்ளேயே அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் இருக்கிறது, பக்கத்தில் சுனை. செம்மணலுக்கு நடுவே நல்ல தண்ணீர்! மழைநீரை மணல் அப்படியே குடித்து அடியில் வைத்துக்கொள்கிறது.

இப்போது வீட்டம்மாவின் கேள்விக்கு வருவோம். தேரிக்குக் கிழக்கே, கடலோரம் குலசேகரன்பட்டினம். முத்தாரம்மன் தசராவுக்குப் பேர்போன ஊர். 2024 பிப்ரவரி 28-ல் அங்கே இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே ஏவினால் குறுக்கே இலங்கை. ராக்கெட் வளைந்து போகவேண்டும், எரிபொருள் வீண். 500 கிலோ சுமக்கும் எஸ்.எஸ்.எல்.வி. போன்ற சின்ன ராக்கெட்டுக்கு அது பெரிய நஷ்டம். குலசையிலிருந்து நேரே கடலுக்கு மேல் போய்விடலாம்.

2,200 ஏக்கருக்கு மேல் நிலம் எடுத்திருக்கிறார்கள். உடன்குடிக் கருப்பட்டி தெரியுமல்லவா, அந்த வட்டாரம்தான். பனையும் மீனும்தான் பிழைப்பு. "தும்பா மாதிரி இவங்களும் வீட்டைக் குடுத்தாங்களாப்பா?" என்று பெரியவள் கேட்டாள். நிலம் கொடுத்தவர்கள் ஒவ்வொருவரின் பெயரையும் வாசலிலேயே ஒரு கல்லில் வெட்டி வைக்கவேண்டும் என்று நான் நினைக்கிறேன். தும்பாவில் விட்டுப்போனதை குலசையில் செய்ய இன்னும் நேரம் இருக்கிறது.