மேசைக் கணினியின் நேற்றும் நாளையும்

கருவிகளின் வரலாற்றை நோக்குமிடத்து, புதியது பிறந்ததும் பழையது இடம்மாறி வாழ்ந்தமைக்குச் சான்றுகள் பலவுள. எல்லோர் கையிலும் தொலைபேசி விளங்கும் இக்காலத்திலே மேசைக் கணினிக்கு எதிர்காலம் உண்டோ என்னும் வினாவையும் நாம் வரலாற்றின் துணைகொண்டே ஆராய்தல் வேண்டும்.

1946ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் உலகறியச் செய்த எனியாக் என்னும் கணினி ஏறக்குறைய 30 தொன் நிறையும் 18,000 வெற்றிடக் குழாய்களும் உடையது. அதன் பின்னரும் நெடுங்காலம் கணினி அரசாங்கங்களுக்கும் பெருங் கம்பனிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்குமே உரியதாயிருந்தது. 1971இல் இன்டெல் கம்பனி விற்பனைக்கு விட்ட நுண்செயலி இந்நிலையை மாற்ற வழிகோலியது. 1977இல் அப்பிள் 2 வெளிவந்தது. 1981 ஓகஸ்ட் 12ஆந் திகதி ஐ.பி.எம். கம்பனி தன் தனியாள் கணினியை 1,565 டொலர் தொடக்க விலையில் அறிமுகஞ் செய்தது.

விரைந்து செய்து முடிக்கும் பொருட்டு ஐ.பி.எம். பிறர் செய்த உறுப்புக்களையே பெரிதும் கையாண்டது. மின்சுற்றுப் படங்களையும் நூலாக வெளியிட்டது. அடுத்த ஆண்டிலேயே கொம்பாக் கம்பனி அதற்கு ஒத்த கணினியொன்றை அறிவித்தது. பின்னர் பலரும் போட்டியிட்டுச் செய்தனர், விலை வீழ்ந்தது. வாங்கியவன் பெட்டியைத் திறந்து புதிய பலகையைச் செருகலாம். தானே நிரல் எழுதி இயக்கலாம். இத்திறந்த தன்மையே மேசைக் கணினியை உலகெங்கும் பரப்பியது.

2007இல் ஐபோன் வந்தது. 2008இல் அப்பிள் செயலிக் கடையைத் திறந்தது; சாதாரணமாக அக்கடை வழியன்றிப் பிற செயலிகளை அதில் ஏற்ற இயலாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024இலே சட்டம் வற்புறுத்திய பின்னரே வேறு வழி திறந்தது. இதற்கிடையில் 2016 ஒக்டோபரில், உலக இணையப் பாவனையில் கைத்தொலைபேசி முதலியவற்றின் பங்கு மேசைக் கணினி, மடிக்கணினி ஆகியவற்றின் பங்கை முதன்முறையாக விஞ்சியதென ஸ்டாட்கவுண்டர் நிறுவனம் கணக்கிட்டது.

இதுகொண்டு மேசைக் கணினி மாயும் எனக் கொள்ளலாமோ? தனியாள் கணினி வந்தபோது பெருங்கணினிக்கும் முடிவு கூறினோர் உளர். ஆயின் 2022இலும் ஐ.பி.எம். புதிய பெருங்கணினியொன்றை வெளியிட்டது; வங்கிகள் அவ்வகை இயந்திரங்களை இன்றும் நம்பியிருக்கின்றன. அவ்வாறே மேசைக் கணினியும் எண்ணிக்கையிற் குறையினும் நூல் அச்சுக்கோத்தல், படம் வரைதல், நிரல் எழுதுதல் முதலிய ஆக்க வேலைகளில் நிலைக்கும் என்பதே எமது துணிபு. கைத்தொலைபேசியில் ஓடும் செயலிகளும் பெரும்பாலும் மேசையிலோ மடியிலோ உள்ள கணினியிலேதான் ஆக்கப்படுகின்றன.

எமக்குக் கவலை தருவது பிறிதொன்று. தொலைபேசி ஒன்றையே அறிந்து வளரும் பிள்ளை பிறர் ஆக்கியதைத் துய்க்க எளிதிற் பழகும். தானே ஆக்குதற்குரிய வாய்ப்பு அதற்கு அரிதாகும். பிறர் அடைத்த பெட்டியைத் திறக்கத் துணியாத சமுதாயம் என்றும் வாங்குவோர் வரிசையிலேயே நிற்கும். ஆதலின் ஒவ்வொரு வாசிகசாலையிலும் பழைய மேசைக் கணினி ஒன்றையேனும் வைத்து, அதிலே லினக்ஸ் போன்ற இலவச இயங்குதளத்தை ஏற்றி, எம் இளைஞர் அதைத் திறக்கவும் பூட்டவும் நிரல் எழுதவும் பயில இடமளிப்போமாக.