வண்ணார்பண்ணைப் பிரசங்கமும் தமிழ் மேடைப்பேச்சின் தோற்றமும்

தமிழில் மேடைப்பேச்சு என்று தோன்றிற்று என்னும் வினாவிற்கு இருவகை விடைகள் கூறப்படுகின்றன. பண்டைய அவைகளிலிருந்து அறாது தொடர்ந்து வருவது அஃது என்பர் ஒரு சாரார். ஐரோப்பியப் பாதிரிமார் கொணர்ந்தது என்பர் மற்றொரு சாரார். முதற் கருத்தை ஏற்பின், பேச்சுவன்மை தமிழர்க்குப் பிறப்பிலேயே வாய்த்தது, பயிலவேண்டுவதன்று என்னும் மயக்கம் உண்டாகும். இரண்டாவதை ஏற்பின், அதற்குரிய இலக்கணத்தைப் பிறமொழிகளிலேயே தேடவேண்டுவதாகும். இவ்விரண்டும் முழுதும் பொருந்தா என்பதை, 1847 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 31 ஆம் நாள் யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் பழஞ்சான்றுகளை நோக்குவாம். திருக்குறளில் சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை என மூன்று அதிகாரங்கள் உள. இவை மூன்றும் பொருட்பாலில் அமைச்சனுக்குரிய பகுதியில் அமைந்துள்ளமை கருதற்பாலது. ஆகவே ஈண்டுப் பேச்சு என்பது ஒரு தொழிலுக்குரிய திறமாகவே வைத்தெண்ணப்பட்டது. மணிமேகலை கூறும் பட்டிமண்டபம் சமயவாதிகள் தம்முள் வாதிடும் இடம். நன்னூலின் பொதுப்பாயிரம் ஆசிரியன் மாணவனுக்கு நூலுரைக்கும் முறையை வகுக்கின்றது. இவற்றிலெல்லாம் கேட்போர் தேர்ந்தெடுக்கப்பட்டோர். அரசன், புலவர், வாதி, மாணவன் என வரையறுக்கப்பட்டோர். அறிவிற் குறைந்தார் அவையில் நற்பொருள் உரைத்தலை அவையறிதல் அதிகாரம் விலக்கவும் செய்கின்றது. மேடைப்பேச்சோ கற்றாரும் கல்லாரும் விரவிய கூட்டத்தையே நாடுவது. பழைய அவைக்கும் புதிய மேடைக்கும் உள்ள வேற்றுமையின் வேர் இதுவேயாம்.

விரவிய கூட்டம் தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் முன்பு இல்லாமற் போகவில்லை. யாழ்ப்பாணத்துக் கோயில்களில் கந்தபுராண படனம் நெடுங்காலமாக நிகழ்ந்து வந்தது. ஒருவர் செய்யுளை இசையுடன் வாசிப்பர். மற்றொருவர் அதற்குப் பொருள் விரிப்பர். ஆயினும் அங்குச் செய்யுளே தலைமை தாங்குவது. உரை அதன் பின்னே செல்வது. உரைப்போர் தாமே ஒரு பொருளைத் தெரிந்து, வகுத்து, நிறுவும் கடப்பாடு அங்கு இல்லை.

இனிப் பாதிரிமார் பங்கை ஆராய்வாம். இங்கிலாந்தில் ஜான் வெஸ்லி 1739 இல் பிரிஸ்டல் நகர்ப்புறத்தே திறந்தவெளியில் பிரசங்கம் செய்யத் தொடங்கினார். அவர் வழிவந்த மெதடிஸ்த சபையார் 1814 இல் இலங்கையை அடைந்தனர். அச்சபையைச் சார்ந்த பீற்றர் பேர்சிவல் பாதிரியார் யாழ்ப்பாணத்தில் நடத்திய பாடசாலையிற் பயின்று, அங்கேயே ஆசிரியராகி, விவிலிய மொழிபெயர்ப்பிலும் அவருக்குத் துணைநின்றவர் நல்லூர் ஆறுமுகம் என்னும் இளைஞர். 1822 இல் பிறந்த இவர், சைவக்கல்வியை மரபுவழி கற்றவர். பிரசங்க முறையையோ அன்றாடம் அருகிருந்து கண்டவர்.

இவ்விரு பயிற்சியும் ஒருவரிடத்தே கூடியதன் பயனே, வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலில் 1847 டிசம்பர் 31 இல் அவர் நிகழ்த்திய முதற் பிரசங்கம். அதன்பின் வெள்ளிக்கிழமைதோறும் அங்குப் பிரசங்கம் நிகழ்ந்தது. இம்முறையில் மூன்று புதுமைகளைக் காண்கின்றோம். ஒன்று, பொருளே தலைமை பெற்றது. கொல்லாமை, கள்ளுண்ணாமை, சிவவழிபாடு போன்ற ஒரு பொருள் முன்னிற்க, செய்யுள் அதற்குச் சான்றாக வந்தது. இரண்டு, குறித்த கிழமையில் தொடர்ந்து நிகழ்ந்தமையால் கேட்போர் ஒரு கூட்டமாக உருப்பெற்றனர். மூன்று, கேட்போர் தம் ஒழுக்கத்தை மாற்றிக்கொள்ளல் வேண்டும் என்னும் நோக்கம் பேச்சின் பயனாயிற்று. இவற்றுள் கிழமைமுறை பாதிரிமாரை ஒட்டியது; சான்று காட்டும் முறையோ நம் உரையாசிரியர் மரபினது.

பேச்சு தனித்து நிற்கவில்லை என்பதும் அறியத்தக்கது. 1848 இல் அவர் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1849 இல் அச்சியந்திரம் வாங்கும் பொருட்டுத் தமிழகம் வந்தபொழுது, திருவாவடுதுறை ஆதீனத்திற் பிரசங்கித்து, நாவலர் என்னும் பட்டம் பெற்றார். 1852 இல் பெரியபுராண வசனம் அவரால் வெளிவந்தது. பள்ளி, அச்சு, மேடை என்னும் மூன்றும் ஒரே முயற்சியின் கிளைகள். தெளிந்த உரைநடை எழுதப் பழகிய கையே தெளிந்த பேச்சுக்கும் துணையாயிற்று என்பது எம் கருத்து.

எனினும் இம்மேடைக்கு ஓர் எல்லை இருந்தது. சாதியால் தாழ்த்தப்பட்டோர்க்கு யாழ்ப்பாணத்துக் கோயில்களினுள் புகும் உரிமை அந்நாளில் இல்லை. ஆதலின் கோயிலில் நிகழ்ந்த பேச்சு எல்லார் செவிக்கும் எட்டியதாகாது. அவ்வெல்லை தகர்ந்தது தெருவிலும் கடற்கரையிலும் ஆம். 1907 இல் விபின் சந்திர பாலர் சென்னைக் கடற்கரையில் ஆங்கிலத்திற் பேசினார். 1908 இன் தொடக்கத்தில் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் ஆலைத் தொழிலாளர்க்குத் தமிழிலேயே பேசினர். அப்பேச்சுக்களே அரசநிந்தனை வழக்கில் அவர்கட்கு எதிரான சான்றுகளாயின. 1918 இல் சென்னையில் தொழிலாளர் சங்கம் தோன்றியபொழுது, தமிழறியாத பி. பி. வாடியாவின் ஆங்கிலப் பேச்சு தமிழாக்கம் பெற்றே தொழிலாளரை எட்டியது. கேட்போர் மொழியே மேடையின் மொழியாதல் வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சிகள் உறுதிப்படுத்தின.

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவது யாது? மேடைப்பேச்சு முழுதும் பழமையுமன்று, முழுதும் இரவலுமன்று. இருவழிப் பயிற்சியால் உருவாக்கப்பெற்றது. நாவலர் இருபத்தைந்தாம் அகவையில் அவைமுன் நின்றாரெனின், அதன்பின்னே பல்லாண்டுக் கல்வியும், கற்பித்தலும், மொழிபெயர்ப்புழைப்பும் இருந்தன. ஆகவே தமிழ் பயிலும் மாணவர், நாவன்மை வரப்பிரசாதம் என்று கருதிச் சோர்வடைதலும் வேண்டா. தமிழராயினமையால் தானே வரும் என்று கருதிச் செருக்குறுதலும் வேண்டா. ஒரு பொருளைத் தெரிந்து, அதனை வகுத்து, சான்று காட்டி, கேட்போர்க்கு விளங்க உரைத்தல் பழகப்பழகக் கைவருவதே. அதனுடன், தம் பேச்சு எவரைச் சென்று சேரவில்லை என்று வினவும் பழக்கமும் வேண்டும். வண்ணார்பண்ணையின் பெருமையும் குறையும் ஒருங்கே கற்பிக்கும் பாடம் அதுவேயாம்.