தெரிந்துவிடும் என்ற அச்சம்: நாமக்கல், சேலம் சமவெளியில் எச்.ஐ.வி.யும் மனத்துயரும்

உதவி தேடி வராதவரை 'விழிப்புணர்வு இல்லாதவர்' என்று கணக்கில் எழுதிவிடுவது நம் பொதுநலத் துறையின் பழைய வழக்கம். மனநலத்தில் அது இன்னும் வலுவாக இருக்கிறது. 2015–16-இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, பரவலாகக் காணப்படும் மனநலக் கோளாறுகள் உள்ளோரில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் சிகிச்சை பெறாமல் இருப்பதைக் கண்டது. இதற்கு அறியாமை ஒன்றையே காரணமாகச் சொன்னால் போதுமா? நாமக்கல், சேலம் சமவெளியின் எச்.ஐ.வி. அனுபவம் போதாது என்கிறது. நோய் எப்படி வரும் என்பது அங்கே சுவரெல்லாம் எழுதப்பட்டிருந்தது. அது வெளியே தெரிந்தால் என்ன நேரும் என்பதை யாரும் எழுதிக் காட்ட வேண்டியிருக்கவில்லை. பலர் மருத்துவமனை வாசலை ஒதுக்கிப் போனது இந்த இரண்டாவது அறிவால்தான் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1997 சனவரியில் சேலத்திலிருந்து பிரிந்த நாமக்கல் மாவட்டத்துக்கு வண்டித் தொழில் முதுகெலும்பு. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகள், எரிவாயு டேங்கர்கள். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள். எல்லைக்கு அப்பால் சேலம் மாவட்டத்துச் சங்ககிரியிலும் லாரிகளே பிழைப்பு. ஓட்டுநரும் கிளீனரும் வாரக்கணக்கில் சாலையில் இருப்பார்கள். ரிக் வேலைக்குப் போனவர்கள் வடமாநிலங்களில் மாதக்கணக்கில் தங்கிவிடுவார்கள். இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் 1986-இல் சென்னையில் கண்டறியப்பட்டது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நாமக்கல், நாட்டிலேயே தொற்று மிகுந்த மாவட்டங்களில் ஒன்றாக எண்ணப்பட்டது. கோழிப்பண்ணைக்கும் முட்டைக்கும் பெயர்பெற்ற ஊருக்கு இன்னொரு பெயரும் வந்து சேர்ந்தது.

அந்தப் பெயரைப் பரப்பியதில் தடுப்புப் பணிக்கும் பங்குண்டு. இதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்ற விளம்பரம் தமிழ்நாடு முழுவதும் சுவர்களிலும் பேருந்துகளிலும் நின்றது. கவனத்தை ஈர்க்கும் வேலையை அது கச்சிதமாகச் செய்தது. ஆனால் அந்த வாசகம் கேலிச்சொல்லாகவும் மாறியது. மெலிந்து போனவனையும் அடிக்கடி காய்ச்சலில் படுத்தவனையும் 'புள்ளிராஜா' என்று கூப்பிட்டுச் சிரிக்க முடிந்தது. 'ஆபத்துக் குழு' என்ற திட்டச் சொல்லாட்சி நோயியல் கணக்குக்குத் தேவையானதே. அதுவே டீக்கடைப் பேச்சில் கலந்தபோது, லாரி ஓட்டுவதே ஒரு சாட்சியமாகிவிட்டது. பரிசோதனைக்கு வா என்று அழைத்த அதே குரல், வந்தவன் இன்னான் என்று முன்கூட்டியே அடையாளமும் சொல்லிவிட்டது.

சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1963-இல் வெளியிட்ட நூலில் களங்கத்தை இரண்டாகப் பிரித்தார். ஒன்று, பார்த்ததுமே தெரிந்துவிட்ட குறை. மற்றது, இன்னும் தெரியவராத, எப்போது வேண்டுமானாலும் வெளிப்படக்கூடிய குறை. இரண்டாம் வகையினருக்கு வாழ்க்கை என்பது தகவலைக் காக்கும் ஓயாத வேலை. எச்.ஐ.வி. உள்ளவர் இந்த வகை. மாத்திரைப் புட்டியின் பெயர்ச்சீட்டைக் கிழிப்பது, மருந்து வாங்கப் போகும் நாளுக்கு ஒரு காரணம் சொல்லி வைப்பது, உள்ளூர் மையத்தை விட்டு அடுத்த மாவட்டத்து மருத்துவமனைக்குப் போவது எல்லாம் அந்த வேலையின் கூறுகள். இதில் செலவாகும் மனவலிமை எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

1986-இல் இங்கிலாந்தில் வலிப்புநோய் உள்ளோரை ஆராய்ந்த கிரஹாம் ஸ்கேம்ப்ளரும் அந்தோனி ஹாப்கின்ஸும், நேரில் அனுபவித்த ஒதுக்கலைக் காட்டிலும் ஒதுக்கப்படுவோம் என்ற அச்சமே வாழ்க்கையை அதிகம் சிதைத்ததாகக் கண்டார்கள். பயனுள்ள கண்டுபிடிப்புதான், கொங்குச் சமவெளிக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. இங்கே அச்சத்துக்குக் காரணம் கண்ணெதிரே இருக்கிறது. மாமன் மகனும் அத்தை மகளும் மணந்துகொள்ளும் உறவு வட்டத்தில், ஒருவருக்குத் தெரிந்தது பெண் கொடுக்கும் வீட்டுக்கும் எடுக்கும் வீட்டுக்கும் ஒரே வழியாகப் போய்ச் சேரும். கணவன் இறந்த பின் காட்டிலும் வீட்டிலும் பங்கு கேட்கும் மருமகளிடம் 'உன்னாலதான் வந்துச்சு' என்று சொல்லிவிட்டால், அந்தப் பழியே சொத்து மறுப்புக்குக் கருவியாகிறது. அச்சத்தை ஆலோசனையால் கரைக்கலாம் என்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

பெண்கள் பலருக்குத் தொற்று தெரியவந்த விதமே ஓர் அதிர்ச்சி. கர்ப்பகாலப் பரிசோதனையில், கணவர் சாலையில் எங்கோ இருக்கும்போது, குடும்பத்தில் முதலில் ஊசி போட்டு இரத்தம் எடுக்கப்பட்டவள் அவள். முதலில் தெரியவந்தவளே கொண்டுவந்தவளாகக் கருதப்பட்டாள். நாமக்கல் பகுதியைச் சேர்ந்த கௌசல்யா பெரியசாமி, லாரி ஓட்டுநரான உறவினருக்கு மணமுடிக்கப்பட்டு, கணவர் வழியே தொற்று பெற்றவர். அதை மறைக்காமல் பொதுவெளியில் பேசிய முதல் இந்தியப் பெண்களில் ஒருவர். 1998-இல் சென்னையில் எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கான அமைப்பைச் சக பெண்களோடு தொடங்கினார். அவருடைய துணிவைப் போற்றும் கட்டுரைகள் நிறைய உண்டு. அந்த அமைப்பு சொந்த ஊரில் அல்லாமல் தலைநகரில் உருவானது என்பதை அவை கவனிப்பதில்லை. பேசுவதற்கு முதலில் தூரம் தேவைப்பட்டிருக்கிறது.

அதிர்ச்சிக்குப் பின் வரும் மனத்துயர் மனநலப் பிரிவுக்கு நேராக வருவதில்லை. தூக்கமில்லை, படபடப்பு, கைகால் அசதி, பசியில்லை என்று பொது மருத்துவரிடம் வரும். சத்து ஊசியோடு திரும்பும். இன்னொரு பாதை கோயில். நாமக்கல்லுக்குத் தென்கிழக்கே, காவிரிக் கரையில் முசிறிப் பக்கத்துக் குணசீலம் பிரசன்ன வெங்கடாசலபதி கோயிலில் மனநோயாளரைக் குடும்பத்தோடு 48 நாள் தங்கவைத்து வழிபடும் மரபு உண்டு. இதை மூடநம்பிக்கை என்று தள்ளுவது எளிது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், தர்காவை ஒட்டிய மனநோயாளர் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகிய பின் அப்படித் தள்ளுவதற்கு நியாயமும் இருந்தது. ஆனாலும் குணசீலத்துக்குப் போகிறவர் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. கோயிலுக்குப் போவது யாரும் செய்வது. மனநலப் புறநோயாளர் வரிசையில் நிற்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது, எச்.ஐ.வி. உள்ளவர் அங்கே நின்றால் இரண்டு களங்கங்களைச் சுமக்க நேரும்.

சட்டம் இந்த இரண்டையும் தனித்தனியாகவே பார்த்தது. மனநலப் பராமரிப்புச் சட்டமும் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டமும் 2017 ஏப்ரலில் ஒரே மாதத்தில் ஒப்புதல் பெற்றவை. முன்னது உடல்நோய்க்கு நிகராக மனநோயை நடத்தச் சொல்கிறது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும் என்கிறது. பின்னது பாகுபாட்டைத் தடை செய்கிறது, இரகசியம் காக்கச் சொல்கிறது, பரிசோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசனையைக் கட்டாயமாக்குகிறது. இரண்டும் சந்திக்க வேண்டிய இடம் அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. மருந்து தரும் மையத்தின் சிறிய ஆலோசனை அறை. அங்கே இருக்கும் ஆலோசகர் பெரும்பாலும் ஒப்பந்தப் பணியாளர். மாத்திரை தவறாமல் போட வைப்பதே அவருடைய பணியின் அளவுகோல். அவர் மாறினால், அடுத்தவரிடம் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஒருமுறை சொல்வதற்கே ஆண்டுக்கணக்கில் தயங்கியவர் இரண்டாம் முறை சொல்வார் என்று எதிர்பார்ப்பது அநியாயம்.

எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்து 2004 ஏப்ரலில் தாம்பரத்தில் இலவசமாகத் தரப்பட்டபோது தொடங்கிய மாற்றத்தைக் குறைத்து மதிப்பிட முடியாது. சாவு தள்ளிப் போனது, தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவுவது வெகுவாகக் குறைந்தது. கொரோனா காலத்தில் சில மாதங்களுக்கான மருந்தை ஒரே தடவையில் கொடுக்கும் முறை பரவலானது. ரிக் வண்டியோடு வடக்கே போகிறவருக்கு இது பெரிய விடுதலை; வரிசையில் நிற்கும் நாட்களும் தெரிந்தவர் கண்ணில் படும் வாய்ப்பும் குறைந்தன. ஆனால் அவர் தன் நிலையை வாய்விட்டுச் சொல்லக்கூடிய ஒரே அறைக்குள் நுழையும் நாட்களும் அதோடு சேர்ந்தே குறைந்தன. நோயின் சுமை இறங்க இறங்க மனத்துயரைக் கேட்கும் காதும் விலகிப் போகிறது. மருந்து வழங்கும் நாளையும் ஆலோசனை நாளையும் பிரித்து, பின்னதை நிரந்தரப் பணியாளரிடம், பொதுப் புறநோயாளர் பிரிவுக்குள்ளேயே, பெயர்ப்பலகை இல்லாத ஓர் அறையில் வைப்பதற்குப் பெரிய நிதி தேவையில்லை.