புகார்ப் பெட்டியும் நீதிமன்றமும்

மதுராந்தகம் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு இன்று வேலை ஏரிப் பாசனத்தில் இல்லை, ஜி.எஸ்.டி. சாலையில் வடக்கே மகிந்திரா வேர்ல்டு சிட்டியிலும், பழைய மாமல்லபுரம் சாலையில் சிறுசேரி சிப்காட்டிலும் இருக்கிறது. அவர்களில் கணக்குப் பிரிவில் இருக்கும் ஒருவர், முதலீட்டாளர்களுக்குக் காட்டும் கணக்கு பொய் என்று கண்டுகொண்டால் யார் அவருக்குத் துணை? அவருடைய கம்பெனியின் பங்கு மும்பையில் விற்கிறதா, நியூயார்க்கில் விற்கிறதா என்பதைப் பொறுத்துப் பதில் மாறுகிறது.

இது தொலைதூரக் கதை அல்ல. நாஸ்டாக்கில் பட்டியலான காக்னிசன்ட், சென்னை வளாகத்தின் கட்டட அனுமதிக்காக 2014-இல் தமிழக அரசு அதிகாரி ஒருவருக்கு 20 லட்சம் டாலர் லஞ்சத்துக்கு வழிசெய்ததாக அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் குற்றம் சாட்டியது. சிறுசேரி அனுமதியும் அந்த வழக்கில் வருகிறது. அந்தப் பணம் ஒப்பந்தக்காரரின் கூடுதல் வேலைக்கான கட்டணம்போல் கணக்கில் மறைக்கப்பட்டது என்பது ஆணையத்தின் வாதம். விவரத்தைக் கம்பெனியே 2016-இல் வெளியிட்டது. 2019-இல், குற்றத்தை ஒப்பவோ மறுக்கவோ செய்யாமல் 2.5 கோடி டாலர் கட்டி முடித்துக்கொண்டது. அப்படி ஒரு பில்லைப் பதிவுசெய்யச் சொல்லும்போது ‘மாட்டேன்’ என்று ஓர் ஊழியர் சொல்லியிருந்தால் அவர் கதி என்ன என்பதுதான் என் கேள்வி.

இரண்டு நாட்டுச் சட்டங்களுமே அவமானத்தில் பிறந்தவை. என்ரான் கம்பெனியின் கணக்கு ஓட்டைகளை அங்கே வேலை பார்த்த ஷெரோன் வாட்கின்ஸ் 2001 ஆகஸ்டில் தலைவர் கென்னத் லேயிடம் எழுதிக் கொடுத்தார். சில நாட்களுக்குள் கம்பெனியின் வழக்கறிஞர் தரப்பிலிருந்து ஒரு மின்னஞ்சல் போனது: கார்ப்பரேட் முறைகேட்டை அம்பலப்படுத்துபவருக்கு டெக்சாஸ் சட்டத்தில் பாதுகாப்பு இல்லை என்று. அவரை வேலையைவிட்டு நீக்கலாமா என்ற யோசனைக்கான பதில் அது. அடுத்த ஆண்டே சார்பேன்ஸ்–ஆக்ஸ்லி சட்டம் வந்தது. இங்கே சத்யம் கம்ப்யூட்டர் கம்பெனி விஷயத்தில் 2008 டிசம்பரில் புனைபெயரில் வந்த ஒரு மின்னஞ்சல் இயக்குநர் ஒருவரை எட்டியது. 2009 ஜனவரி 7-இல் கம்பெனித் தலைவர் ராமலிங்க ராஜு ஒப்புக்கொண்டார். சுமார் 7,000 கோடி ரூபாய்ப் பொய்க்கணக்கு. மின்னஞ்சல் அனுப்பியவர் சொந்தப் பெயரில் எழுதாததற்குக் காரணம் கேட்கவே வேண்டாம்.

அமெரிக்கச் சட்டத்தின் உயிர் 806-ஆம் பிரிவு. பழிவாங்கப்பட்டவர் 180 நாட்களுக்குள் தொழிலாளர் துறையிடம் புகார் கொடுக்கலாம். துறை இழுத்தடித்தால் கூட்டாட்சி நீதிமன்றத்துக்கே போகலாம். வேலை, நின்றுபோன சம்பளம், நஷ்டஈடு எல்லாம் கேட்டுப் பெறலாம். தண்டித்ததற்குத் தன் புகாரும் ஒரு காரணம் என்று ஊழியர் காட்டினால் போதும். புகாரே இல்லாவிட்டாலும் இதையேதான் செய்திருப்போம் என்று தெளிவான சான்றோடு நிரூபிப்பது முதலாளியின் பாடு. பழிவாங்கும் எண்ணம் இருந்ததென்று ஊழியர் நிரூபிக்கத் தேவையில்லை என்று 2024-இல் யு.பி.எஸ். வங்கி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இதற்கு மேல் 2010-இன் டாட்–ஃபிராங்க் சட்டம் பங்குச் சந்தை ஆணையத்துக்குத் துப்புக் கொடுப்பவருக்குப் பரிசும் தருகிறது: ஆணையம் விதிக்கும் தொகை 10 லட்சம் டாலரைத் தாண்டினால், வசூலாவதில் 10 முதல் 30 சதவீதம்.

நம் கம்பெனிகள் சட்டம் 2013-இன் 177-ஆம் பிரிவு, பட்டியலான கம்பெனிகளையும், பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கும் கம்பெனிகளையும், வங்கிகளிடம் 50 கோடிக்கு மேல் கடன் வாங்கியவற்றையும் புகார் அமைப்பு ஒன்றை வைக்கச் சொல்கிறது. புகார் கொடுப்பவரைப் பழிவாங்காதிருக்கப் ‘போதிய பாதுகாப்பு’ வேண்டும் என்கிறது. பழிவாங்கினால் ஊழியர் எங்கே போவது, என்ன கேட்பது என்று அந்தப் பிரிவு வாய் திறப்பதில்லை. பிரிவை மீறினால் கம்பெனிக்கு அபராதம் 5 லட்சம் ரூபாய். பெரிய கம்பெனிக்கு அது ஒரு கூட்டத்தின் சாப்பாட்டுச் செலவு. தொழிலாளர் சட்டத்தின் கதவும், பொய்க்கணக்கு கண்ணில் படக்கூடிய மேலாளர் நிலைக்காரர்களுக்குச் சாத்தியே இருக்கிறது. 2014-இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற முறைகேடு அம்பலப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டமோ, அரசு ஊழியர்களின் முறைகேட்டுக்கானது.

பலர் அறியாத ஒரு நல்ல பிரிவும் நம்மிடம் உண்டு. 218-ஆம் பிரிவின்படி, கம்பெனி மீது அரசு விசாரணை நடக்கும்போது ஊழியரை நீக்கவோ தண்டிக்கவோ தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் அனுமதி வேண்டும். ஆனால் அந்தக் குடை விரிவது விசாரணை தொடங்கிய பிறகு. முதல் கடிதம் எழுதுபவர் நனைந்துகொண்டுதான் நிற்கிறார்.

நியூயார்க்கில் பங்கு விற்கும் கம்பெனியில் சேர்ந்தால் சிறுசேரிக்காரர் தப்பித்தாரா? அதுவும் இல்லை. சீமென்ஸின் சீனக் கிளை ஊழியர் தொடுத்த வழக்கில், பழிவாங்கலுக்கு எதிரான டாட்–ஃபிராங்க் பாதுகாப்பு எல்லை கடந்து செல்லாது என்று 2014 ஆகஸ்டில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 806-ஆம் பிரிவுக்கும் அதே வரம்பை நீதிமன்றங்கள் முன்பே வைத்திருந்தன. ஆனால் சீமென்ஸ் தீர்ப்புக்கு மறுமாதமே, வெளிநாட்டில் வாழும் ஒருவருக்கு ஆணையம் 3 கோடி டாலருக்கு மேல் பரிசு அறிவித்தது! ஆக, சிறுசேரியிலிருந்து தகவல் கொடுப்பவருக்குப் பரிசு கிடைக்கலாம், அவருடைய நாற்காலி நிலைக்காது. பரிசோ வழக்கு முடிந்து ஆண்டுகள் கழித்து வருவது. வீட்டுக் கடன் தவணை மாதாமாதம் வந்து நிற்பது.

இதில் எனக்கு ஆறவே ஆறாத ஒன்று உண்டு. வழி தெரியாமல் நம் நாடு தவிக்கவில்லை. உள் தகவலை வைத்துப் பங்கு வர்த்தகம் செய்வதைப் பற்றித் துப்புக் கொடுப்பவருக்கு 2019 டிசம்பரிலிருந்தே இந்தியப் பங்குச் சந்தை ஆணையமான செபி தனி ஏற்பாடு வைத்திருக்கிறது. அவரை வேலையைவிட்டு நீக்கவோ மிரட்டவோ கூடாது. வாயைக் கட்டும் ஒப்பந்தம் செல்லாது. 2021 திருத்தத்துக்குப் பின் பரிசு 10 கோடி ரூபாய் வரை போகும். மேலாளரின் மைத்துனர் முன்கூட்டியே பங்கு வாங்கினார் என்று சொன்னால் இத்தனை காவல்; சத்யம் மாதிரிக் கணக்கே பொய் என்று சொன்னால் அந்தக் காவல் இல்லை.

நாடாளுமன்றம் 177-ஆம் பிரிவில் வேலையையும் நின்றுபோன சம்பளத்தையும் மீட்டுத் தரும் வழியைச் சேர்க்க வேண்டும். அதற்குக் காத்திராமல், சந்தை மோசடிக்கான தன் 2003 விதிமுறைகளுக்கும் உள் தகவல் துப்புக்குத் தரும் பாதுகாப்பைச் செபி உடனே நீட்டிக்க வேண்டும்.