சுமைதாங்கிக் கல்

பழைய பாதையோரங்களில், நட்ட இரு கற்களின் மேல் படுக்கைக்கல் ஒன்று கிடக்கும். ஏறக்குறைய தோளுயரம், தலைச்சுமைக்காரர் யார் கையும் இல்லாமல் மூட்டையை அதில் சரித்து இறக்கலாம், மறுபடி ஏற்றலாம். வெறும் வழிப்போக்கர் வசதிதானே என்பார் உண்டு. பொதுத் தருமமாக நட்டவையும் உண்டுதான். ஆனால் பல கற்கள் வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் பேரில் வைக்கப்பட்டவை. அவள் இறக்காத சுமையைப் பிறர் இறக்கி வைத்தால் அவள் ஆறுவாள் என்பது நம்பிக்கை. ஆவி பயம்தான் காரணம் என்பது பாதி உண்மை. பயத்துக்குப் பரிகாரம் போதுமே, சில கற்களில் இன்னார் நினைவாக என்று எழுத்து வெட்டுவானேன்? நினைவுக்கென்று சத்திரம் கட்டவோ குளம் தோண்டவோ பெரும் வசதி வேண்டும். மூன்று கல் நடுவது எளிய வீட்டுக்கும் எட்டியது.